புதன்கிழமை கடைசி பீரியட்

எங்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வகுப்பு வாரத்துக்கு ஒன்றுதான். புதன்கிழமை கடைசி பீரியட், நாற்பது நிமிஷம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் அரசுப் பெண்கள் பள்ளி அது. 1996-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். ஒன்பதாவது முடிகிற வரை நான்கு வருஷம் அந்த நாற்பது நிமிஷத்தை நினைத்துத்தான் வாரத்தை ஓட்டினேன். மற்ற பாடங்களில் நான் நடுத்தரம். டிராயிங்கிலும் முதல் மாணவி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகுப்பில் கைக்கு வேலை இருந்தது.

சார் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். தோளில் ஒரு ஜோல்னாப் பை தொங்கும். அதில் பென்சில் முதல் பழைய ரப்பர் செருப்பு வரை எல்லாம் இருக்கும். டிராயிங்குக்கென்று தனி அறை கிடையாது. லேபுக்குப் பின்னால் வேப்பமரத்தை ஒட்டிய வராண்டாதான் எங்கள் இடம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் முழுக்கக் கோடுதான். நேர்கோடு, சாய்ந்த கோடு, வளைவு. ஸ்கேல் வைக்கக் கூடாது, அழிரப்பர் எடுக்கக் கூடாது. என் கோடுகள் காற்றில் ஆடும் கொடிக்கயிறு மாதிரி வந்தன. மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல், "ஸ்கேல் வச்சுக்கட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"ஏம்மா, காலையில வாசல்ல கோலம் போடுறப்ப ஸ்கேல் வச்சா போடுற?"

"இல்ல சார்."

"அப்ப எப்படிப் போடுற? வந்து காட்டு."

கரும்பலகையில் புள்ளி வைத்து ஒரு சிக்குக்கோலம் போட்டேன். நான் எப்படிப் போடுகிறேன் என்று எனக்கே அதுவரை தெரியாது. சார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாரு, உன் கண்ணு கையப் பாக்கல. அடுத்த புள்ளியப் பாக்குது." உண்மைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கோலமாவு இறங்கிக்கொண்டே இருக்கும். கை ஒரு நொடி நின்றால் அந்த இடத்தில் மாவு குவிந்துவிடும். நின்று யோசிக்க முடியாது, போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அன்று பென்சிலையும் அப்படிப் பிடித்துப் பார்த்தேன். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, கண் இரண்டாவது புள்ளியில். கோடு நேராக வந்தது. அம்மா என் கையைப் பிடித்து ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்ததற்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்பு உண்டு என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

அப்புறம் பென்சில் நிழல். எங்கள் எல்லோரிடமும் இருந்தது நடராஜ் ஹெச்பி. சார் தன் பையிலிருந்து 2பி, 4பி, 6பி எடுத்து வரிசையாகக் கைமாற்றி விடுவார். எண் ஏற ஏற ஈயம் மிருதுவாகும், கருப்பு கூடும். ஒரு மண்பானையை நடுவில் வைத்து வரையச் சொன்னார். எல்லோரும் ஓரத்தைத்தான் கன்னங்கரேலென்று தீட்டினோம். பானை தட்டையாக, அப்பளம் மாதிரி இருந்தது. சார் யாருடைய நோட்டையும் திருத்தவில்லை. எங்களை எழுந்து வரச் சொல்லி, பானையின் நிழல் பக்கத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொன்னார். இருட்டு ஓரத்தில் இல்லை. ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே இருந்தது. ஓரத்தில் மெல்லியதாக ஒரு வெளிச்சம், சிமென்ட் தரையில் பட்டு எழும்பி வந்த வெளிச்சம். அந்த ஒரு விரல் அகல வெளிச்சத்தை விட்டதும் பானை உருண்டு நின்றது. வீட்டுக்குப் போய் அன்று சாயங்காலம் குடம், சொம்பு, அடுக்குப்பானை என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த வெளிச்சம் இருந்தது. பதினோரு வருஷமாக என் கண்முன்னே இருந்திருக்கிறது.

ஏழாம் வகுப்பில் வாட்டர் கலர். கேமல் கேக் பெட்டி, பன்னிரண்டு வில்லை. நாலு பேருக்கு ஒரு பெட்டி. கலர் குழைக்கக் கொட்டாங்கச்சி. வாட்டர் கலரைப் பற்றி நிறையச் சொல்லலாம், எனக்கு ஒன்று போதும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தும்பைச் செடி மண்டிக் கிடக்கும். அதைப் பறித்து வந்து வைத்து வரையச் சொன்னார். நான் இலைக்குப் பச்சை அடித்துவிட்டு, பூவுக்கு வெள்ளை வில்லையைத் தேய்த்தேன். ஏற்கெனவே அடித்த பச்சை கரைந்து வந்து கலந்து, பூ சோற்றுத் தண்ணீர் நிறத்துக்குப் போனது. மறுபடி வெள்ளை அடித்தேன், இன்னும் அழுக்கானது. சார் பார்த்துவிட்டு, "வெள்ளைய நீ போட முடியாதும்மா. விட்டுத்தான் வைக்க முடியும்" என்றார்.

தாளின் வெள்ளைதான் வெள்ளை. வாட்டர் கலர் வழியாக வெளிச்சம் உள்ளே போய், தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் அந்தப் பளபளப்பு. மேலே எதைப் பூசினாலும் அந்த வழி அடைபடும். ஆகவே தொடங்குவதற்கு முன்பே எதைத் தொடக் கூடாது என்று முடிவுசெய்ய வேண்டும். அடுத்த புதன்கிழமை பத்து நிமிஷம் பிரஷ்ஷையே எடுக்காமல் தும்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூ இருக்கும் இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துவிட்டு, சுற்றிலும் பச்சையை ஓடவிட்டேன். ஈரம் காய்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றுமே செய்யாத அந்த இடத்தில் ஏழெட்டுப் பூ பூத்திருந்தது. எத்தனையோ படம் போட்டிருக்கிறேன், அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அப்புறம் வரவில்லை.

போஸ்டர் கலர் அதற்கு நேர் எதிர். கெட்டியானது, கீழே இருப்பதை மூடிவிடும், தப்புச் செய்தால் காய்ந்த பிறகு மேலே அடிக்கலாம். பலருக்கு அதுதான் பிடித்தது. எனக்கு ஒட்டவில்லை.

அச்சு வேலை நாலைந்து வாரம் நடந்தது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து மூலைப் பூ, வாழை மட்டையை நறுக்கினால் வலை. இது எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். ஆனால் சார் பையிலிருந்த ரப்பர் செருப்பை எடுத்து, சதுரச் சதுரமாக அறுத்து எங்கள் கையில் கொடுத்தது வேறு பள்ளியில் நடந்திருக்குமா தெரியவில்லை. அதில் பிளேடால் அவரவர் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கச் சொன்னார். நான் 'க' செதுக்கினேன். மையில் தோய்த்துத் தாளில் அழுத்தி எடுத்தால், எந்த மொழியிலும் இல்லாத ஓர் எழுத்து வந்தது. திருப்பிச் செதுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை. வகுப்பு முழுக்க அப்படி நாற்பத்திரண்டு எழுத்துகள். ம, ப, ட மூன்றையும் செதுக்கியவர்களுக்கு எதிர்ப்பக்கம் எப்படி மாறியது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். எழுத்துக்கு இடம், வலம் உண்டு என்பதைப் பிளேடு பிடித்த விரல்தான் முதலில் எனக்குச் சொன்னது.

களிமண்ணுக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு, மாசி மாதம். கண்மாயில் தண்ணீர் வற்றியிருந்தது. சார் எங்களை மண்பாண்டம் செய்கிற வேளார் தெருவுக்குக் கூட்டிப்போனார், ஊர்க்கோடியில் நாலு வீடு. அங்கே ஒரு தாத்தா புரவியெடுப்புத் திருவிழாவுக்குக் குதிரை செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைப்பது வழக்கம். நமணசமுத்திரம் பக்கம் போனவர்கள் வரிசையாக நிற்கும் குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து வேளார் கையில் கொடுப்பார்கள், பிடிமண் என்று பெயர். அதைக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். அந்தப் பிடி குதிரைக்கான மண்ணோடு சேர்ந்துவிடும். தாத்தா இதைச் சொன்னபோது எங்களில் ஒருத்திகூடப் பேசவில்லை.

குதிரையின் கால் நாலும் முதலில் நிற்கின்றன, உள்ளே கூடாக. அதன்மேல் வயிறு, மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகத் தட்டித் தட்டி மெலிதாக்குகிறார். ஒரே நாளில் ஏற்ற மாட்டார். கீழ்ப்பகுதி மேலே வரும் எடையைத் தாங்குகிற அளவுக்கு இறுக வேண்டும். ஆனால் முழுக்கக் காய்ந்துவிடவும் கூடாது, காய்ந்தால் மேல்மண் ஒட்டாது. அந்த நடுப்பதத்தைத் தாத்தா எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று பார்த்தேன். புறங்கையை வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி.

எங்களுக்கும் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தார். நான் ஒரு மைனா செய்தேன். கனமாக, உள்ளே கெட்டியாக, இறக்கையெல்லாம் குச்சியால் கீறி. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு வாரம் நிழலில் காய்ந்து, தாத்தாவின் சூளையில் பானைகளோடு வெந்தது. அடுத்த புதன்கிழமை போனபோது என் மைனா இல்லை. சில்லுகள் இருந்தன. பக்கத்தில் இருந்த பானை ஒன்றிலும் என் மைனாவால் விரிசல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பானைக்காகவும்தான். தாத்தா திட்டவில்லை. ஒரு சில்லை எடுத்து உடைந்த பக்கத்தைக் காட்டினார். "ஆத்தா, நடுவுல ஈரம் நின்னுபோச்சு. வெளிய காஞ்சிருச்சு, உள்ள காயல. சூட்டுல அது ஆவியாவணும்ல? வழி விடலன்னா பிச்சுக்கிட்டுத்தான் வரும்." அவர் குதிரையின் வயிற்றில் ஏன் ஓட்டை விட்டிருந்தார் என்று அப்போது புரிந்தது. இரண்டாவது மைனாவை உள்ளே குடைந்து, அடியில் விரல் நுழைகிற ஓட்டை விட்டுச் செய்தேன். அது வெந்து வந்தது. வலது இறக்கையில் சூளைப் புகை பட்டுக் கருப்பாக ஒரு திட்டு. இருபத்தாறு வருஷமாகிறது, நான் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் கூட வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் சித்தன்னவாசலுக்குப் போனோம். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அது பக்கத்து வீடு, பதினாறு கிலோமீட்டர். பக்கத்தில் இருப்பதாலேயே பலர் போனதில்லை. பாறையைக் குடைந்த சமணக் கோயில், அறிவர் கோயில் என்று பெயர். மேற்கூரையில் தாமரைக் குளம். மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். இப்போதிருக்கும் ஓவியங்களைப் பாண்டியர் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு என்பார்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலில் செய்த திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. நாங்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பல இடம் உதிர்ந்துபோயிருக்கிறது. ஆனால் ஒரு தாமரை இலையின் பச்சையைப் பார்த்தால், போன வாரம் போட்டது போல இருக்கிறது.

"சார், எங்க வாட்டர் கலர் ஒரு வருஷத்துலயே வெளுத்துப் போவுது. இது எப்படி நிக்குது?" என்று ஒருத்தி கேட்டாள்.

சார் அங்கே பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆளுக்கொரு உடைந்த ஓட்டுத்துண்டு கொண்டுவரச் சொன்னார். பக்கெட்டில் நீற்றிய சுண்ணாம்பு, சலித்த ஆற்று மணல். இரண்டையும் குழைத்து ஓட்டின் மேல் பூசி, கரண்டியால் இழைத்தோம். தஞ்சாவூர் பெரிய கோயிலின் உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பற்றி அப்போதுதான் சொன்னார். நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்தவை அவை, 1931-ல்தான் வெளியே தெரிய வந்தன. அங்கே சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பசை எதுவும் வேண்டாம். ஈரச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும், அப்போது வண்ணத்தையும் தன்னோடு கட்டிவைத்துக்கொள்ளும். ஆனால் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். எவ்வளவு முடிக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் அன்றைக்குப் பூச வேண்டும்.

நாங்கள் காவிக்கல்லையும் கரியையும் அரைத்து வைத்திருந்தோம். மஞ்சள் வேண்டுமே என்று என் பக்கத்திலிருந்தவள் வீட்டிலிருந்து மஞ்சள்தூள் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். தண்ணீரில் கரைத்து, ஈரச் சுண்ணாம்பில் ஒரு சூரியகாந்தி வரைந்தாள். பிரஷ் தொட்ட இடத்திலேயே மஞ்சள் சிவந்தது. எங்கள் கண்ணெதிரே ஒவ்வோர் இதழாக ரத்தச் சிவப்பு.

"ஐயோ, ஆரத்தி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆமாம், ஆரத்திதான். மஞ்சளும் சுண்ணாம்பும். கல்யாண வீட்டில் நூறு தடவை பார்த்ததுதான், ஆனால் சித்தன்னவாசலுக்கும் ஆரத்தித் தட்டுக்கும் உறவு உண்டு என்று யார் நினைத்தார்கள்? சுண்ணாம்பின் காரம் செடியிலிருந்து வரும் சாயங்களை அனேகமாக மாற்றிவிடும், வெளுக்கவைத்துவிடும். மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வருகிற காவி அதற்கு அசையாது. அதனால்தான் சுவருக்குக் கல்வண்ணம். சார் இதைச் சொல்லி முடித்தபோது நாலு மணி அடித்துப் பத்து நிமிஷமாகியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த வருஷம்தான் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் லோயர் எழுதினேன். ஸ்கேல் இல்லாமல், கொடுத்த படத்தைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் ஒத்துவருகிற மாதிரி வரைய வேண்டும். அறை முழுக்கப் பிள்ளைகள் கோட்டை அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தார்கள். நான் நடுக்கோட்டில் புள்ளிகள் வைத்து, கண்ணை அடுத்த புள்ளியில் வைத்து, வாசல் தெளித்த காலை நேரத்தை மனதில் நினைத்துக்கொண்டு வரைந்தேன். பாஸ்.

கடைசியாகக் கரி. சார் ஒரு பழைய ஹார்லிக்ஸ் தகர டப்பா கொண்டுவந்தார், மூடியில் ஆணியால் ஒரு துளை. காய்ந்த நொச்சிக் குச்சிகளைத் தோலுரித்து, டப்பா நிறைய நெருக்கி அடுக்கி, மூடி, சத்துணவுக் கூடத்து அடுப்பின் தணலில் வைத்தோம். துளை வழியாகப் புகை வந்தது, முதலில் வெள்ளையாக, பிறகு மஞ்சளாக, பிறகு மெலிந்தது. குச்சி எரியாது, உள்ளே காற்று இல்லை. அதிலிருக்கும் ஈரமும் எண்ணெயும் மட்டும் புகையாக வெளியேறும். புகை நின்றால் கரி தயார். "ஆறுற வரைக்கும் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு சார் ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

நாங்கள் திறந்தோம். காற்றுப் பட்டதும் குச்சிகளின் முனையில் சிவப்பு ஓடியது. மூடியைத் திரும்பப் போடுவதற்குள் பாதி சாம்பல்.

சார் வந்து பார்த்தார். மிச்சமிருந்த குச்சிகளை ஆறவைத்து, ஆளுக்கு ஒரு விரல்கடைத் துண்டு கொடுத்தார். அதை வைத்துத்தான் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் வரைந்தோம். கரிக்கு ஓரம் கிடையாது. விரலால் தேய்த்தால் இருட்டு கன்னத்தில் படர்கிறது, துணியால் துடைத்தால் நெற்றியில் வெளிச்சம் வருகிறது. ஆடையெடுத்த பாலில் தண்ணீர் கலந்து, ஊதுகுழலால் படத்தின் மேல் பனி மாதிரி ஊதினார் சார், கரி உதிராமல் இருக்க. வரிசையாகச் சுவரில் நாற்பத்திரண்டு முகம். வகுப்புத் தோழிகளை அப்படி உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்தாம் வகுப்பில் டைம்டேபிள் ஒட்டினார்கள். புதன்கிழமை கடைசி பீரியட் கணக்கு. பொதுத்தேர்வு என்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை கலையும் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று 2005-ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொன்னது, அதற்குள் நான் ஒன்பதாவது முடித்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சொன்னதோடு நின்றுபோனது பல இடத்தில். 2012-ல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் ஒருவர் பையில் பென்சிலும் செருப்பும் சுண்ணாம்பும் சுமந்துகொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அப்படியும் சுமந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் நிரந்தரப் பணி கேட்டுத் தெருவில் உட்காரும் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் சார்தான் கண்ணில் நிற்கிறார்.

நான் ஓவியர் ஆகவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் வெயில் சாய்கிற நேரத்தில் எதிர்வீட்டுச் சுவரில் தரை வெளிச்சம் ஏறுவது எனக்குத் தெரியும், அதைப் பார்க்க ஒரு நிமிஷம் நிற்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளோடு கரி செய்தேன். அவள் ஏழாம் வகுப்பு, அவள் பள்ளியில் டிராயிங் பீரியட் டைம்டேபிளில் இருக்கிறது, வகுப்பில் நடப்பதில்லை. நொச்சிக் குச்சிக்கு வாய்க்கால் கரை வரை போய் வந்தோம். இரண்டு பேருமாகத் தோலுரித்தோம். கொல்லையில் மூன்று செங்கல் கூட்டி, டப்பாவை வைத்து, துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெள்ளைப் புகை, மஞ்சள் புகை, அப்புறம் ஒன்றுமில்லை. டப்பாவைக் குறடால் எடுத்து மண்ணில் வைத்தேன்.

"தொறக்கலாமாம்மா?"

டப்பாவுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். "இன்னும் சுடுது."

அவளும் தன் புறங்கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.